வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பண உதவி: நீலகிரிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைத்தால் அரசு மானியம் ஏதாவது உண்டா?

கிடையாது. மாநில அரசிலும் மத்திய அரசிலும் வீட்டுக்கல்விக்கென்று பெற்றோர் கையில் பணம் தரும் திட்டம் எதுவும் இல்லை. இணையத்தில் தேடினால் நீளநீளமாகப் பட்டியல் வரும். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை. அரிசோனா மாநிலம் 2011இல் ஒரு கல்விக் கணக்குத் திட்டம் தொடங்கி, 2022இல் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரித்தது. அந்தப் பணத்தில் பெற்றோர் புத்தகம் வாங்கலாம், டியூஷன் கட்டலாம். அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் அது. கோத்தகிரியிலிருந்து விண்ணப்பம் போட வழியில்லை. "இந்தியர்களுக்கும் வாங்கித் தருகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று யாராவது சொன்னால் அனுப்பாதீர்கள்.

உதவி வேறு உருவத்தில் இருக்கிறது. தேர்வுக் கட்டணத்தில் சலுகை, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு மாதத் தொகை, கலைக்கு உதவித்தொகை, ஊர்ச் சங்கங்களிடம் முறையாகக் கேட்டுப் பெறும் சிறு தொகைகள் என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. இவை எல்லாவற்றையும் கூட்டினாலும், பள்ளியை விடுவதால் கைநழுவும் உரிமைகளின் மதிப்பை எட்டாமல் போகலாம். அதனால் அந்தக் கணக்கை முதலில் போடச் சொல்கிறோம்.

அப்படி என்னென்ன கைநழுவும்?

சின்ன வகுப்புகளில் இழப்பது கண்ணுக்குத் தெரியும்: காலை உணவு, சத்துணவு, பாடநூல், சீருடை. மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ், சாக்ஸ் உண்டு. இலவச பஸ் பாஸும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான்.

பெரிய இழப்பு ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது, பல பெற்றோர் அதைக் கவனிப்பதில்லை. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு அதே தொகை தரும் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படிப்போரும் இவற்றில் சேர்க்கப்பட்டார்கள். மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய். மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும் இதே 6 முதல் 12 அரசுப் பள்ளி நிபந்தனைதான். பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு, அதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. எட்டாம் வகுப்பில் எழுதும் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் வென்றால் 9 முதல் 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். அதையும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள்தான் எழுத முடியும்.

ஆகவே வருமானம் குறைந்த குடும்பத்துக்கு எங்கள் கருத்து இது: ஐந்தாம் வகுப்பு வயது வரை வீட்டில் வைத்துக்கொள்வதால் பிற்காலப் பணக் கணக்கில் பெரிய சேதம் இல்லை. பதினொரு வயதில் உட்கார்ந்து மறுபடி யோசியுங்கள். ஏழாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒரு வருடம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான். பின்னால் யார் மனு கொடுத்தாலும் அந்த வருடம் திரும்பாது.

இத்தனை வருடம் பள்ளிக்கே போகாத பிள்ளையை நேராக ஆறாம் வகுப்பில் சேர்ப்பார்களா?

சேர்க்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவு, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. பிறப்புச் சான்றும் ஆதாரும் கொண்டு போங்கள். தலைமையாசிரியர் தயங்கினால் பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பேசுங்கள். இப்படிப்பட்ட சேர்க்கை அவர்களுக்குப் பழக்கமான வேலை.

உதவி கேட்டுப் போனால், ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று நடவடிக்கை வருமா?

6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பில் ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். தோட்டக் குடியிருப்புகளிலும் பழங்குடிக் கிராமங்களிலும் தவறாமல் வருவார்கள். பிள்ளையின் நோட்டுகளைக் காட்டி மரியாதையாகப் பேசுங்கள், ஒளிக்க வேண்டாம். பின்னாளில் உங்களுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்களும் அவர்களே.

என்ஐஓஎஸ் வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத எவ்வளவு ஆகும்? சலுகை யாருக்கு?

என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். செலவு மூன்று தவணையாக வரும்: சேர்க்கைக் கட்டணம் (பாடப்புத்தகம் இதில் அடக்கம்), பிறகு பாடவாரியாகத் தேர்வுக் கட்டணம், செய்முறை உள்ள பாடத்துக்குத் தனிக் கட்டணம். சேர்க்கைக் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு, தேர்வுக் கட்டணத்துக்குத் தனிக் கடைசித் தேதி இருப்பதை மறந்து ஒரு பருவத்தையே தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது.

பெண்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் குறைவு. பட்டியல் சாதி, பழங்குடி, முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு அதைவிடக் குறைவு. பிற்படுத்தப்பட்டோருக்குத் தனிச் சலுகை கிடையாது. படுகர் சமுதாயம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் அந்தக் குடும்பப் பையன்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், பெண் பிள்ளைகளுக்குப் பெண்களுக்கான குறைந்த கட்டணம்.

சலுகை கேட்பவர்கள் சேர்க்கையின் போதே சாதிச் சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் இதில்தான் சிக்கிக்கொள்கின்றன. பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர்தான் (ஆர்டிஓ) தருவார். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தாலும், கள விசாரணை முடிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். பிள்ளைக்குப் பதிமூன்று வயது ஆனதுமே விண்ணப்பித்துவிடுங்கள். பெற்றோர் சான்றிதழ் அல்லது உடன்பிறந்தார் சான்றிதழ் இருந்தால் இணையுங்கள், விசாரணை சுருங்கும். முழுக் கட்டணம் கட்டிச் சேர்ந்த பிறகு சான்றிதழ் வந்தால், கட்டிய பணம் திரும்பாது.

இன்னொன்று, பெயர். பிறப்புச் சான்றில் "கவின்", ஆதாரில் "கவின் எஸ்", சாதிச் சான்றில் "எஸ். கவின்" என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பிள்ளை. கணினிக்கு மூன்று பேர். இன்ஷியலை விரித்து எழுதுவதா, முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒரே முடிவெடுத்து, முதலில் ஆதாரைத் திருத்தி, மற்றவற்றை அதற்கேற்ப வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலில் தவறாக ஏறிய பெயரைத் திருத்த ஆகும் அலைச்சலும் செலவும் சலுகையில் மிச்சமானதை விழுங்கிவிடும்.

ஊரில் ஒரு மையம் "எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பாஸ் உறுதி" என்று பல ஆயிரம் கேட்கிறது. கொடுக்கலாமா?

வேண்டாம். என்ஐஓஎஸ் சேர்க்கை அதன் சொந்த இணையதளத்தில் நடக்கிறது, கட்டணமும் அங்கேதான். விண்ணப்பம் போடக் கை நடுங்கினால் இ-சேவை மையத்தில் உதவி கேளுங்கள். கேள்விப்படாத பெயரில் "தேசிய வாரியம்" என்று சான்றிதழ் விற்பவர்களும் உண்டு. கோப்சே எனப்படும் இந்திய பள்ளிக்கல்வி வாரியங்களின் கூட்டமைப்புப் பட்டியலில் அந்த வாரியம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒரு ரூபாயாவது கொடுங்கள்.

கீழ்வகுப்புகளுக்கான என்ஐஓஎஸ் அடிப்படைக் கல்வித் தேர்வுகளுக்கும் (ஏ, பி, சி நிலைகள் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்குச் சமம்) பணம் செலவழிக்க அவசரம் இல்லை. எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும் சுய உறுதிமொழி கொடுத்துப் பத்தாம் வகுப்பில் சேரலாம்.

மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதினால் மலிவா?

கட்டணத்தில் மிக மலிவு. எட்டாம் வகுப்புக்கு 12½ வயது, பத்தாம் வகுப்புக்கு 14½ வயது நிறைந்திருக்க வேண்டும். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு என்பதால், மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக முன்கூட்டியே பதிந்து, ஒதுக்கும் பள்ளியில் பயிற்சிக்குப் போய்வர வேண்டும். பந்தலூர், மஞ்சூர் பக்கம் இருப்பவர்கள் அந்தப் பள்ளி எங்கே விழும் என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். பஸ் செலவும் பெற்றோரின் ஒரு நாள் கூலியும்தான் இங்கே உண்மையான கட்டணம். கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ என்ற பன்னாட்டுத் தேர்வு பற்றியும் கேட்கிறார்கள். அதில் ஒரு பாடத்துக்கான கட்டணமே என்ஐஓஎஸ் ஐந்து பாடக் கட்டணத்தைப் பல மடங்கு தாண்டும். உதவி தேடும் நிலையில் இருப்பவர்களுக்கு நாங்கள் அதைச் சொல்வதில்லை.

தேர்வு மையம் கோவையில் விழுந்தால்?

பட்ஜெட்டில் பலர் மறப்பது இதைத்தான். ஐந்து தேர்வும் அடுத்தடுத்த நாளில் வராது. பல வாரங்களில் பரந்து கிடக்கும். ஐந்து நாள், போக வர, பிள்ளையும் கூட ஒருவரும் என்றால் 20 டிக்கெட். காலைத் தேர்வென்றால் முந்தின நாளே இறங்கித் தங்க வேண்டும்.

ஏப்ரல்–மே தேர்வு சீசன் நெரிசலில் வரும். அக்டோபர்–நவம்பர் தேர்வு வடகிழக்குப் பருவமழையில் வரும். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். மழைக்காலத் தேர்வென்றால் முந்தின நாள் மதியத்துக்குள் சமவெளிக்கு இறங்கிவிடுங்கள். சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் மகளிருக்கு இலவசப் பயணம் 2024-25 நிதிநிலை அறிக்கையில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கும் விரிக்கப்பட்டது. மலைப்பகுதிக்குள் ஓடும் அந்தப் பேருந்துகளில் அம்மாவும் மகளும் போகும் தூரத்துக்கு மிச்சம். செய்முறை இல்லாத பாடங்களாகத் தேர்ந்தால் பயண நாளும் குறையும். ஆனால் மேலே அறிவியல் படிக்க நினைக்கும் பிள்ளையின் பாடத்தைப் பஸ் செலவுக்காக மாற்றாதீர்கள்.

எங்கள் பிள்ளை மாற்றுத்திறனாளி. அதனால்தான் வீட்டில் வைத்திருக்கிறோம். எங்களுக்கு ஏதாவது?

உங்களுக்குத்தான் அதிகம் உண்டு. மற்ற குடும்பங்களுக்கு இல்லாத சட்ட உரிமையும் உங்களுக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமையை வெளிப்படையாகத் தருகிறது.

முதல் படி, யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. இணையத்தில் விண்ணப்பித்து, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். குறிப்பிட்ட நிபுணர் எல்லா நாளும் இருக்க மாட்டார். எந்தக் கிழமை என்று போனில் கேட்டுவிட்டுக் கூடலூரிலிருந்து கிளம்புங்கள். பழைய மருத்துவச் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். மலை ஈரத்தில் மை கரைந்து படிக்க முடியாமல் போன சீட்டு ஆதாரமாகாது.

அடுத்தது வட்டார வள மையம். அங்கே பதிந்தால் பிள்ளையின் பெயர் அருகிலுள்ள அரசுப் பள்ளிப் பதிவேட்டில் சேரும். சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். சிறப்புத் தேவையுள்ள பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாத ஊக்கத்தொகையும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் இருக்கிறது. தொகை சிறியது. ஆனால் அந்தப் பதிவு பெரியது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும் பிள்ளைக்குப் பாடநூல் முதல் எல்லாம் தொடர்ந்து வரும்.

மாத பராமரிப்புத் தொகை தனி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல், கடும் பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல், தசைச்சிதைவு நோய் ஆகியவற்றுக்கு மாதம் 2,000 ரூபாய் (2023க்கு முன் 1,500). ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் உள்வரம்போடு பணம் திரும்பக் கிடைக்கும். தெரபிஸ்ட்டிடம் ஒவ்வொரு முறையும் தேதி, கையெழுத்து, பதிவு எண்ணோடு ரசீது வாங்குங்கள். வெள்ளைத்தாளில் எழுதிய மொத்த ரசீது நிராகரிக்கப்படும். வருடாவருடம் புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

என்ஐஓஎஸ் தேர்வில் கூடுதல் நேரமும், பிள்ளை சொல்வதை எழுதித் தரும் எழுத்தரும் கேட்டுப் பெறலாம். தேர்வுக்குப் பல வாரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

அருவங்காடு, வெலிங்டன் பக்கம் மத்திய அரசு வேலை. பிள்ளைகள் கல்விப்படி கிடைக்குமா? வருமான வரியில்?

கல்விப்படி 2024 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812.50 ரூபாய், இரண்டு பிள்ளைகள் வரை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு இரட்டிப்பு. அதற்குப் பள்ளித் தலைவரின் சான்றிதழ் வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பொதுவாக அதைத் தர ஆளில்லை. தெரிந்த பள்ளியில் பேருக்குச் சேர்த்துச் சான்றிதழ் வாங்குவது பொய்ச் சான்று. பிடிபட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு வேலையிலும் நடவடிக்கை வரும். இரண்டு பிள்ளைகள் என்றால் வருடத்துக்கு 67,500 ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே முடிவெடுங்கள்.

வரியில், 80சி என்று எல்லோரும் அறிந்த விலக்கு பழைய வரிமுறையில் மட்டும், அதுவும் பள்ளி கல்லூரிக்குக் கட்டும் முழுநேரக் கல்விக் கட்டணத்துக்கு. வீட்டில் வாங்கிய புத்தகம், டியூஷன், இணையவகுப்பு எதுவும் சேராது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய், கடுமையான குறைபாட்டுக்கு 1,25,000 ரூபாய் கழிக்கலாம். இதுவும் பழைய வரிமுறையில்தான்.

ரோட்டரி, லயன்ஸ், அறக்கட்டளைகளிடம் எப்படிக் கேட்பது?

"என் மகள் படிப்புக்கு உதவுங்கள்" என்ற ஒருவரிக் கடிதத்துக்குப் பதில் வராது. கொடுப்பவர்கள் கேட்பது மூன்று: எதற்கு, எவ்வளவு, எப்போது முடியும். வீட்டுக்கல்வி என்ற சொல்லே பலருக்குப் புதிது, பிள்ளையைப் படிக்க விடாமல் வைத்திருக்கிறார்களோ என்று நினைப்பார்கள். அதனால் தேர்விலிருந்து தொடங்குங்கள்:

"என் மகள் வரும் ஏப்ரலில் என்ஐஓஎஸ் பத்தாம் வகுப்புத் தேர்வில் ஐந்து பாடம் எழுதுகிறாள். பதிவெண் இணைத்துள்ளேன். தேர்வுக் கட்டணம் இவ்வளவு, கோவைக்கு ஐந்து முறை இருவர் போய்வர இவ்வளவு, இரண்டு இரவு தங்க இவ்வளவு. இதில் பாதி எங்களிடம் உள்ளது. மீதிப் பாதி மார்ச் 10க்குள் தேவை."

உங்கள் பங்கு ஒன்று இருந்தால் கேட்பதற்கு எடை கூடும். கையில் பணம் கேட்பதைவிட, கட்டணத்தை நேரடியாகக் கட்டச் சொல்வது, புத்தகக் கடை பில்லை அவர்கள் பெயரிலேயே போடச் சொல்வது எளிதில் நடக்கும். முடிந்ததும் மதிப்பெண் பட்டியலின் நகலோடு நன்றிக் கடிதம் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த வருடம் இன்னொரு குடும்பம் அதே கதவைத் தட்டும்போது அது திறக்கும்.

மார்ச் மாதம் போய் நிற்காதீர்கள். இந்தச் சங்கங்களின் ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது. புதிய தலைவர் பொறுப்பேற்கும் ஜூலை–ஆகஸ்டில் கொடுத்த கடிதத்துக்கு அந்த வருடப் பட்ஜெட்டில் இடம் கிடைக்கும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைத் தனிக் குடும்பம் கேட்டுப் பயனில்லை, பதிவுபெற்ற அமைப்பு வழியாகத்தான் வரும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்பினால்?

உறவினர் அனுப்பினால் பிரச்சினை இல்லை. வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் தகவல் தரத் தேவையில்லை. உறவினர் அல்லாதவர்கள் தருவது, உள்நாட்டுப் பணமானாலும், வருடத்தில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். கல்வி உதவித்தொகையாக முறைப்படி வழங்கப்பட்டதற்கு வரி இல்லை, வழங்கல் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் குழு, அந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு (எஃப்சிஆர்ஏ) இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது. மலைக்கு வந்து தங்கிப் போகும் வெளிநாட்டு நண்பர்கள் நல்ல மனதோடு கொடுக்க வருவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள். உள்நாட்டு நிதிக்காகச் சங்கம் பதிவதானால் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். வருடாவருடம் கணக்கு தாக்கல் செய்ய ஆள் இல்லையென்றால் பதியாதீர்கள்.

பள்ளிச் சான்று கேட்காத உதவித்தொகை ஒன்றாவது உண்டா?

மத்திய அரசின் பண்பாட்டுப் பயிற்சி மையமான சிசிஆர்டி நடத்தும் பண்பாட்டுத் திறன் உதவித்தொகை. வயது 10 முதல் 14. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படிக்க வேண்டும், அல்லது பாரம்பரியக் கலையைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த "அல்லது" நம் மலைக்கு முக்கியம். கோத்தர் இசைக் குடும்பத்துப் பிள்ளை இந்த வழியில் முயலலாம். வருடம் 3,600 ரூபாயும், குருவுக்குக் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். பெரியவர்களிடம் கற்கும் பிள்ளையின் பயிற்சியைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள், நேர்காணலில் கேட்பார்கள்.

செலவே இல்லாமல் கிடைப்பவை?

மாநிலப் பாடநூல்கள், என்சிஇஆர்டி நூல்கள், என்ஐஓஎஸ் பாடங்கள் மூன்றும் இலவசமாகத் தரவிறக்கலாம். கல்வித் தொலைக்காட்சி, மணற்கேணி செயலி இரண்டும் தமிழில். சிக்னல் கிடைக்கும் இடத்தில் மாதம் ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா செலவு குறையும். அச்சுப் புத்தகம் வாங்கினால் மழை மாதங்களில் சுவரோரமாக அடுக்காதீர்கள். பூஞ்சை பிடித்த புத்தகத்தை அடுத்த பிள்ளைக்கு மறுபடி வாங்க வேண்டியிருக்கும்.

பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் போட்ட வைப்புத்தொகை, வீட்டில் படித்தால் கிடைக்காமல் போகுமா?

முதலமைச்சரின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு பெண் மட்டும் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் தலா 25,000 ரூபாய் வைப்பு வைக்கப்படுகிறது. 18 வயதில் முதிர்வுத் தொகை வாங்க, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருக்க வேண்டும். அதனால் "சான்றிதழ் எதற்கு, படிப்பு போதும்" என்று நினைக்கும் வீடுகளும் இந்த ஒரு தேர்வை விடாதீர்கள். வைப்புப் பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போய், நீங்கள் எழுதப்போகும் தேர்வின் பெயரைச் சொல்லி, அது ஏற்கப்படும் என்பதைப் பிள்ளை பதிவு செய்யும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.